1780 கவுனுக்கு எந்த ஷூ? கையால் தைத்த பழங்கால உடைக்குக் காலணி தேர்ந்தெடுப்பது

கேள்வி இதுதான்: "1780களின் ஆங்கிலேய கவுன் ஒன்றை முழுக்கக் கையாலேயே தைத்துக்கொண்டிருக்கிறேன், ஓரம் மடிப்பது மட்டும்தான் பாக்கி. அடுத்து 1810 வாக்கில் அணிந்த மஸ்லின் உடை தைக்க ஆசை. இரண்டுக்கும் ஒரே ஜோடி ஷூ போதுமா? என்னிடம் இருக்கும் கறுப்பு பாலே ஃப்ளாட்டையே போட்டுக்கொண்டால் என்ன? பாவாடைக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?"

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஜோடி போதாது. உங்கள் பாலே ஃப்ளாட், அதாவது ஹீல் இல்லாத தட்டை ஷூ, 1810 உடைக்குச் சின்னச் சின்ன மாற்றங்களோடு நன்றாகவே பொருந்தும், 1780 கவுனுக்குப் பொருந்தாது. இரண்டு உடைகளுக்கும் நடுவில் முப்பதே வருடம்தான். ஆனால் அந்த முப்பது வருடத்தில் ஐரோப்பியப் பெண்களின் காலணி மாறிய அளவுக்கு அதற்கு முந்தைய நூறு வருடத்தில் மாறவில்லை. அப்புறம், இன்னும் ஓரம் மடிக்கவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. ஷூ கைக்கு வரும்வரை தயவுசெய்து அந்த ஓரத்தைத் தொடாதீர்கள்.

யார் பார்ப்பார்கள் என்றால், எல்லோரும் பார்ப்பார்கள். 1770, 80களில் வீட்டிலும் வீதியிலும் பெண்கள் அணிந்த பாவாடை பெரும்பாலும் கணுக்காலோடு நின்றது. அந்தக் காலத்து அச்சுப் படங்களை எடுத்துப் பாருங்கள், பக்கிளும் ஷூவின் நாக்கும் ஹீலும் தெளிவாகத் தெரியும். உட்கார்ந்தால், படியேறினால், நடனத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் இன்னும் தெரியும். மாதக்கணக்கில் கையால் தைத்த பட்டுக்குக் கீழே ரப்பர் அடியும் எலாஸ்டிக் விளிம்பும் எட்டிப் பார்த்தால் உங்களுக்கே மனசு கேட்காது.

கண்ணுக்குத் தெரிவதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உடையின் உயரத்தையும் நீங்கள் நிற்கும் விதத்தையும் ஷூதான் தீர்மானிக்கிறது. தரையோடு ஒட்டிய செருப்பில் நின்று அளந்து ஓரம் மடித்துவிட்டு, பிறகு இரண்டு அங்குல ஹீலில் ஏறினால் பாவாடையும் அதே அளவுக்கு மேலே போய்விடும். ஹீலில் நின்று அளந்துவிட்டு ஃப்ளாட்டுக்கு இறங்கினால் ஓரம் தரையில் இழுபடும். 18-ம் நூற்றாண்டில் பாவாடையின் கீழ் ஓரத்தை நேராகவே விட்டுவிட்டு, ஏற்ற இறக்கத்தை இடுப்புப் பக்கத்தில்தான் சரிசெய்தார்கள். இடுப்பில் கட்டும் பஞ்சுத் திண்டு பின்பக்கத்தைத் தூக்கும், அதற்கு ஏற்ற மாதிரி இடுப்பில் துணியைக் கூட்டியோ குறைத்தோ மடித்துக் கொசுவினார்கள். அதனால் கடைசி அளவு பார்க்கும்போது ஸ்டேஸ் (கவுனுக்கு உள்ளே உடம்போடு இறுக்கிக் கட்டும் விறைப்பான உள்ளாடை), திண்டு, ஷூ மூன்றும் உடம்பில் இருக்க வேண்டும். ஸ்டேஸ் முதுகை நேராக நிறுத்தும், ஹீல் எடையை முன்பாதத்துக்குத் தள்ளும். இரண்டும் சேரும்போதுதான் அந்தக் கால ஓவியங்களில் பார்க்கிற நிலை வரும். இன்னொன்று: உடுத்தும்போது ஷூவை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேஸைக் கட்டிய பிறகு குனிந்து பக்கிள் மாட்டுவது பெரும் பாடு.

சரி, ஷூவை எப்படிப் பார்ப்பது? நான் பார்க்கும் வரிசை: முதலில் முனை, பிறகு ஹீல், பிறகு காலோடு கட்டும் முறை, பிறகு பொருள், கடைசியாக நிறம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கவுனின் நிறத்துக்குப் பொருத்தமாக ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டு, மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நிறத்தை மாற்றலாம், துணி போர்த்தலாம், பட்டை சேர்த்துத் தைக்கலாம். முனையின் வடிவத்தையும் ஹீல் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் மாற்றவே முடியாது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கும் காலத்தைச் சொல்வது அந்த இரண்டும்தான்.

18-ம் நூற்றாண்டின் பெண்கள் ஷூ எப்படி இருந்தது என்று பார்ப்போம். பாதத்தின் மேல்பகுதி பட்டு, டமாஸ்க், கம்பளி அல்லது தோல். உள்ளே லினன் லைனிங். குதிகாலின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பட்டை முன்னால் வந்து, உயரமான நாக்கின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். அவற்றைப் பிடித்துக்கொள்வதுதான் பக்கிள். விளிம்பு முழுக்க மெல்லிய பட்டு நாடா சுற்றித் தைத்திருக்கும். ஹீல் மரத்தில் செதுக்கி, மேலே தோலோ பட்டோ போர்த்தியது.

அந்த ஹீலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இன்றைய ஹீல் ஷூவின் அடியில், பாதத்தின் வளைவைத் தாங்க ஒரு இரும்புப் பட்டை மறைந்திருக்கிறது. அதனால்தான் ஊசி போன்ற ஹீலைக்கூடக் குதிகாலின் பின் ஓரத்தில் நிறுத்த முடிகிறது. ஸ்டிலெட்டோ எனப்படும் அந்த ஊசி ஹீல் 1950களின் சரக்கு. 18-ம் நூற்றாண்டு ஷூவுக்குள் அப்படி ஒரு பட்டை கிடையாது. பாதத்தின் வளைவை ஹீலே தாங்கியாக வேண்டும். அதனால் அது முன்னோக்கித் தள்ளி, வளைவுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். நடுவில் இடுங்கி, தரையைத் தொடும் இடத்தில் மறுபடி அகலும். கடையில் ஷூவைத் தூக்கிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஹீலின் பின்புறக் கோடு உள்ளே வளைந்து வந்தால் எடுத்துக்கொள்ளலாம். நேராகச் செங்குத்தாக இறங்கினால் வைத்துவிடுங்கள்.

நூற்றாண்டுக்குள்ளேயும் நிறைய மாற்றம் இருந்தது. முற்பகுதியில் முனை கூராக, லேசாக மேல்நோக்கி இருக்கும். ஹீல் தடிமனாக இருக்கும். நூற்றாண்டின் நடுவில் முனை கொஞ்சம் மழுங்கியது. மேல்பகுதியும் அடித்தோலும் சேரும் இடத்தில் வெள்ளைத் தோலால் ஆன ஒரு மெல்லிய கோடு ஓடுவது அந்தக் காலத்தின் அழகான அடையாளம். 1760களுக்குப் பிறகு அது மெல்ல மறைந்துவிட்டது. 1770களில் ஹீல் மெலிந்தது, பக்கிள் பெரிதானது. உங்கள் 1780களில் ஹீல் இன்னும் தாழ்ந்து ஒல்லியாகி, முனை மறுபடி கூரானது. பட்டையும் பக்கிளும் இல்லாமல் அப்படியே காலை நுழைத்துக்கொள்ளும் ஷூக்களும் அப்போதே வந்துவிட்டன. ஆகவே உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது: பக்கிள் வைத்தது, அல்லது முன்னால் சுருக்கிய நாடாவோ சின்ன ரோஜா முடிச்சோ வைத்த, கூர்முனையும் ஒன்றரை அங்குல ஹீலும் உள்ள எளிய ஷூ. இரண்டாவது வழி செலவு குறைவு, தவறு போகவும் வாய்ப்புக் குறைவு.

பக்கிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நாட்குறிப்பால் புகழ்பெற்ற லண்டன்காரர் சாமுவேல் பெப்பீஸ் தன் ஷூவில் பக்கிள் மாட்டத் தொடங்கியதை 1660 ஜனவரியில் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அப்போது அது புதிய நாகரிகம். அதற்கு முன்னால் பட்டைகளை நாடாவால்தான் கட்டினார்கள். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போன பியூரிட்டன்கள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரைத் தொப்பியிலும் ஷூவிலும் பெரிய பக்கிளோடு வரைகிறார்களே, அது 19-ம் நூற்றாண்டு ஓவியர்கள் கிளப்பிவிட்ட கற்பனை. பிறகு 130 வருடம் பக்கிளின் ஆட்சிதான். ஷூவிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய தனி நகை அது. வெள்ளி, பித்தளை, பட்டை தீட்டிய எஃகு, கண்ணாடிக் கல் பதித்தது என்று வசதிக்கு ஏற்ப இருக்கும். ஷூ தேய்ந்துபோனால் பக்கிள் அடுத்த ஜோடிக்குப் போகும். நீங்களும் நல்ல பக்கிள் ஒரு ஜோடி வாங்கிவிட்டால் பல ஷூக்களுக்கு மாற்றி மாட்டலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பக்கிள் பாதத்தின் மேல் படியும்படி வளைந்திருக்க வேண்டும். பெல்ட் பக்கிள் தட்டையானது, அதைக் கொண்டுவந்து ஷூவில் ஒட்டினால் இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு, பின்னால் முள் இருக்க வேண்டும். ஒரு பட்டையைக் குத்திப் பிடிக்கும் முள், இன்னொரு பட்டையை இழுத்து நிறுத்தும் முள் என்று இரண்டும் வேலை செய்தால்தான் ஷூ காலில் இறுகும். அலங்காரத்துக்காக மேலே தைத்த பக்கிளில் இந்த இறுக்கம் வராது, நடக்கும்போது குதிகால் கழன்று வரும்.

பக்கிளின் ஆட்சி முடிந்த விதமும் உங்கள் அடுத்த உடைக்கு வழிகாட்டும். 1789-ல், பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய வருடம், பாரிஸில் தேசிய சபை உறுப்பினர்கள் தங்கள் வெள்ளிப் பக்கிள்களைக் கழற்றி நாட்டின் கஜானாவுக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் ஷூவுக்குக் கயிறு கட்டும் பழக்கம் பரவி, பர்மிங்ஹாம், வால்சால், வுல்வர்ஹாம்ப்டன் ஊர்களின் பக்கிள் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். 1791-ல் அவர்கள் வேல்ஸ் இளவரசரிடம் மனுக் கொடுத்தார்கள். இளவரசரும் தன்னைச் சேர்ந்தவர்களைப் பக்கிள் அணியச் சொன்னார். ஆனாலும் நாகரிகம் திரும்பவில்லை. ஆக, அரசவை உடைக்கு வேண்டுமானால் பக்கிள் தொடரலாம். மற்றபடி 1795-க்குப் பிறகு ஒரு பெண்ணின் காலில் பெரிய பக்கிள் இருந்தால் அது பழைய ஷூ என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

கவுனின் துணியிலேயே ஷூவும் வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். வேண்டியதில்லை. பட்டு மிஞ்சினால் செய்யலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் கவுன் ஒரு நிறம், ஷூ இன்னொரு நிறம் என்பது அன்றைக்கு இயல்பு. சாதாரணப் பெண்களுக்குக் கறுப்புத் தோலும், காலமான்கோ என்கிற பளபளப்பேற்றிய கம்பளித் துணியும்தான் அன்றாடக் காலணி. அந்தத் துணிக்கு இங்கிலாந்தின் நாரிச் பேர் போனது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் லின் நகரம் இந்தவகைப் பெண்கள் ஷூவுக்குப் பேர் பெற்றது. உங்கள் கவுன் பருத்தியா, அச்சிட்ட துணியா? அப்படியானால் கறுப்புதான் என் தேர்வு. பளபளக்கும் வெள்ளைப் பட்டு ஷூவை அதோடு போட்டால் உடை ஒரு வீட்டிலும் கால் இன்னொரு வீட்டிலும் இருக்கும்.

இந்த இடத்தில் அருங்காட்சியகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், டொராண்டோவின் பாட்டா காலணி அருங்காட்சியகம் எல்லாம் ஆண்டு போட்ட படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. அவசியம் பாருங்கள். ஆனால் அங்கே இருப்பதில் பெரும்பகுதி பட்டு ஷூ, பூவேலை ஷூ, கல்யாண ஷூ. பத்திரப்படுத்தி வைத்ததால் அவை பிழைத்தன. தினமும் போட்டது தேய்ந்து, ஒட்டுப்போட்டு, கடைசியில் குப்பைக்குப் போய்விட்டது. அந்த அன்றாட ஷூவைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் போக வேண்டும். காலணித் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. பழைய வீடுகளை இடிக்கும்போது சுவருக்குள்ளும் புகைபோக்கி ஓரத்திலும் ஒளித்துவைத்த ஒற்றை ஷூக்கள் அடிக்கடி கிடைப்பதை அந்த ஊர் அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்த ஜூன் ஸ்வான் கவனித்தார். அப்படிக் கிடைத்தவற்றுக்கு அந்த அருங்காட்சியகத்தில் ஒரு பதிவேடே உருவானது. தீய சக்திகளை விரட்ட வைத்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. நமக்கு முக்கியமானது வேறு. அவை பெரும்பாலும் உழைத்து நைந்த ஷூக்கள், குழந்தைகளுடையதும் நிறைய. உண்மையில் மக்கள் எதை அணிந்தார்கள், எப்படிப் பழுதுபார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி குறைவு.

படங்களைப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். இரண்டு ஷூவும் ஒரே மாதிரி இருக்கும், இடது எது வலது எது என்று தெரியாது. ஏறத்தாழ 1600 வாக்கில் ஹீல் பரவிய பிறகு, ஷூவை வார்த்தெடுக்கும் மரக்கட்டையை இரண்டு காலுக்கும் தனித்தனியாகச் செதுக்குவது செலவு பிடித்த வேலையானது. ஒரே கட்டையில் இரண்டையும் செய்தார்கள், போடப் போட அது அந்தந்தக் காலுக்குப் பழகிக்கொள்ளும். ஆண்கள் ஷூவில் 1800-ஐ ஒட்டி இடது வலது திரும்பி வந்தது. பெண்கள் ஷூவில் அது 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு மேலும் இழுத்தது. அதற்காக நீங்களும் அப்படித்தான் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுக்க நிற்கப் போகிறவர் காலைப் புண்ணாக்கிக்கொள்வதில் பெருமை இல்லை. முனை பெருவிரல் பக்கம் சாயாமல் நடுவில் முடிகிற ஷூவாகப் பாருங்கள், அது போதும்.

இனி 1810. இங்கே ஹீல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1790களில் கூர்முனையும் விரல் தடிமனுக்குச் சின்ன ஹீலும் இருந்தன. 1800-க்குப் பிறகு தட்டையாகி, முனை மெல்ல உருண்டது. 1820களின் கடைசியில் சதுரமாகி, 1840கள் வரை அப்படியே நின்றது. அதனால் உருண்டை முனை உள்ள உங்கள் பாலே ஃப்ளாட் 1810-க்குச் சரி. அதன் முன்னாலுள்ள குட்டி ரிப்பன் முடிச்சைப் பிரித்துவிடுங்கள். எலாஸ்டிக் விளிம்பு இருந்தால் அதை மூடி, பட்டு நாடாவைக் கையால் சுற்றித் தையுங்கள். இரண்டு பக்கத்திலும் மெல்லிய நாடா தைத்துக் கணுக்காலில் குறுக்காகக் கட்டுங்கள். விரல்களின் பிளவு வெளியே தெரிகிற அளவுக்குத் தாழ வெட்டிய ஃப்ளாட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாட்டி வயதுக் கதாபாத்திரமாக இருந்தால் பழைய ஷூவையே போட்டுக்கொள்வார் என்பதும் நினைவிருக்கட்டும். எல்லாப் பெண்களும் நாகரிகம் மாறிய மறுநாளே ஷூ மாற்றியிருக்கமாட்டார்கள்.

இந்த மெல்லிய ஷூக்கள் ஈர மண்ணுக்கு ஆகாது. அன்றைக்கு அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: பேட்டன். மரப் பலகைக்கு அடியில் இரும்பு வளையம் பொருத்தி, ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு சேற்றுக்கு மேல் நடப்பார்கள். இதைச் செய்தவர்களுக்கு லண்டனில் தனிச் சங்கமே இருந்தது, செயின்ட் மார்கரெட் பேட்டன்ஸ் தேவாலயத்தின் பெயரில் இன்றும் அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திறந்தவெளி நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கு இது வெறும் அலங்காரப் பொருள் இல்லை, பட்டு ஷூவை உண்மையிலேயே காப்பாற்றும்.

பின்னாளில் விக்டோரியா காலத்துக்குப் போக நினைத்தால் உங்களுக்குத் தேவை பூட்ஸ். கடைகளில் விக்டோரியன் என்று பெயர் சூட்டி விற்பதில் பெரும்பாலானவை 1890களின் சாயல்தான், 1840 உடைக்கு அவை ஆகாது. கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. உலோகக் கண்ணி வளையத்துக்கு இங்கிலாந்தில் 1823-ல் காப்புரிமை வாங்கினார்கள், அதற்கு முன்னால் லேஸ் துளைகள் நூலால் சுற்றித் தைத்தவை. பக்கத்தில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸ் 1837-க்குப் பிறகுதான். ஸ்பார்க்ஸ்-ஹால் என்கிற ஷூ தயாரிப்பாளர் விக்டோரியா ராணிக்குச் செய்து கொடுத்தார். அடித்தோலை மேல்பகுதியோடு தைக்கும் இயந்திரத்துக்கு லைமன் பிளேக் 1858-ல் காப்புரிமை பெற்றார். பளிச்சென்ற ஊதாவும் மெஜெந்தாவும் வேதியியலாளர் பெர்கின் 1856-ல் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த பிறகு வந்தவை. ஜிப் வைத்த பூட்ஸ் 1920களில் வந்தது, அதற்கு முந்தைய எந்த உடைக்கும் அது தெரியக்கூடாது. உள்பக்கம் ஜிப் இருந்து, முன்னால் பட்டன் வரிசையும் சரியாக இருந்தால் நான் வாங்கிவிடுவேன், பாவாடை அந்தப் பக்கத்தை மறைத்துவிடும். அடி மட்டும் தடித்த ரப்பராக இருக்கக்கூடாது.

இடைக்காலத்துக்குப் போனால் விதிகள் வேறு. ஹீலே கிடையாது, உள்வெளியாகத் தைத்துத் திருப்பிப்போட்ட மெல்லிய தோல் ஷூ, இடது வலது தனித்தனி. தோல் வேலை கொஞ்சம் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துவிடலாம். 1920 முதல் 40 வரை என்றால் நடனக் காலணி விற்கும் கடைகளே போதும்.

தோலைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. குரோமியம் உப்பில் தோலைப் பதனிடும் முறைக்கு 1884-ல்தான் காப்புரிமை வந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் மரப்பட்டையில்தான் பதனிட்டார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்கள் லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போயின, கிழக்கிந்தியத் தோல் என்றே அங்கே அவற்றுக்குப் பெயர். விக்டோரியா கால ஆங்கிலேய ஷூக்களில் நம் பக்கத்து ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் நிறையவே போயிருக்கும். அந்தப் பெயரிலான தோலுக்குத் தமிழ்நாடு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது, திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் மரப்பட்டைப் பதனிடுதல் தொடர்ந்து வந்திருக்கிறது. பட்டைக்கும் நாக்குக்கும் தோல் வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மரப்பட்டையில் பதனிட்டது, நீலம் கலந்த சாம்பல் நிறமென்றால் குரோம். வெட்டிய ஓரம் வெளியே தெரிகிற இடங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எங்கே வாங்குவது என்றால், பழங்காலப் பாணிக் காலணிகளையே செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்கன் டச்சஸ் அதில் பலருக்கும் தெரிந்த பெயர். செலவு அதிகம், ஆனால் முனையும் ஹீலும் சரியாக இருக்கும். அது கட்டுப்படியாகாவிட்டால் சாதாரண ஷூவையே மாற்றலாம். விரல்களை நன்றாக மூடுகிற, முனை ஓரளவு கூரான, வளைந்த ஹீல் வைத்த தோல் பம்ப் ஷூ (பட்டையோ லேஸோ இல்லாமல் காலை நுழைத்துக்கொள்வது) ஒன்று தேடுங்கள். பழைய துணிக்கடை, செகண்ட்ஹேண்ட் கடைகளில் கிடைக்கும். மேலே இருக்கும் பூச்சை அசிடோனால் துடைத்தெடுத்துவிட்டுத் தோல் பெயின்ட் பல மெல்லிய பூச்சாக அடிக்கலாம். துணி போர்த்துவதானால் துணியை இழைக்கு மூலைவாட்டில் வெட்டுங்கள், அப்போதுதான் முனையில் சுருக்கமில்லாமல் படியும். பசையை மெல்லிசாகத் தடவுங்கள், பட்டில் ஊறி வந்தால் கறை போகாது. நாக்கும் இரண்டு பட்டைகளும் தனியாக வெட்டி, உள்ளே கெட்டிக் காடா வைத்துச் செய்துகொள்ளுங்கள். அவற்றை ஷூவோடு சேர்க்க ஒருபோதும் பசையை மட்டும் நம்பாதீர்கள். நடக்கும்போது இழுவிசை முழுக்க அங்கேதான் விழும். குத்தூசியால் துளைபோட்டு மெழுகு நூலால் தையுங்கள், அல்லது உங்கள் தெருவில் செருப்பு தைப்பவரிடம் கொடுங்கள். படத்தைக் காட்டி விளக்கினால் அழகாகச் செய்து தருவார், அந்தக் கைக்கு உள்ள பழக்கம் நமக்கு வர நாளாகும். கடைசியில் விளிம்பு நாடாவைச் சுற்றிக் கைத்தையல் போட்டால் ஒட்டுவேலை எல்லாம் மறைந்துவிடும்.

அளவு பார்க்கும்போது அன்றைக்குப் போடப்போகும் ஸ்டாக்கிங்கோடு பாருங்கள். 18-ம் நூற்றாண்டுக்குப் பருத்தி, பட்டு அல்லது கம்பளி ஸ்டாக்கிங் முழங்காலுக்கு மேல் வரை வந்து, நாடாவால் கட்டியிருக்கும். உங்கள் கவுனுக்கு வெள்ளை நன்றாக இருக்கும், கணுக்கால் ஓரத்தில் சின்னப் பூவேலை இருந்தால் இன்னும் சிறப்பு. நைலானின் மினுமினுப்பு ஷூவையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். தடித்த பருத்தி ஸ்டாக்கிங் என்றால் அரை சைஸ் கூடத் தேவைப்படலாம்.

இப்போதைக்கு ஒரு ஜோடிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், கறுப்புத் தோலில், கூர்முனையும் ஒன்றரை அங்குல வளைந்த ஹீலும் உள்ள பக்கிள் ஷூவை வாங்குங்கள். பக்கிளை மாற்றினால் 1770 முதல் 1790 வரை அது உங்களோடு வரும். 1810-க்கு பாலே ஃப்ளாட் இருக்கவே இருக்கிறது. தோல் அடி புதிதாக இருக்கும்போது பளிங்குத் தரையில் வழுக்கும், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், நடனம் இருந்தால் மெல்லிய ரப்பர் தாள் ஒட்டச் சொல்லுங்கள். நிகழ்ச்சிக்குச் சில வாரம் முன்பிருந்தே தினம் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் போட்டு நடங்கள். குதிகால் உராய்கிற இடம் அப்போதே தெரிந்துவிடும், அங்கே உள்ளே ஒரு துண்டு மெல்லிய தோல் ஒட்டிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஸ்டேஸைக் கட்டிக்கொண்டு, அந்த ஷூவோடு யாரையாவது சுற்றி வந்து தரையிலிருந்து அளக்கச் சொல்லிவிட்டு, ஓரத்தை மடித்துத் தையுங்கள்.